எம்.ஜி.யும் டிரையம்ஃபும்

சிவகாசி
11.02.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

நீ சுகமாக இருப்பாய். என்னை விட்டுப் போனவர்கள் யாரும் இளைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே எனக்கும் குறையொன்றும் இல்லை. சர்க்கரை ஏறி இறங்குகிறது, சமையல்காரி உப்பை அள்ளிப் போடுகிறாள், அவ்வளவுதான். கீர்த்திகா பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறாள். அம்மாவிடம் பேசினாயா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

நீ என் போனை எடுப்பதில்லை. ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனி லெட்டர்பேடை எடுத்தேன். நமக்குக் கல்யாணமான புதிதில், பட்டாசு ஆர்டர் பிடிக்க நான் வடக்கே அலைந்தபோது உனக்கு எழுதியது. அதற்குப் பிறகு இதுதான்.

உங்கள் அப்பாவின் லாரிப் பட்டறையை மறுபடியும் திறந்திருக்கிறாயாம். போன வாரம் சாத்தூரில் ஒரு கல்யாண வீட்டில், "அண்ணாச்சி, மதினி விருதுநகர்ல டிராக்டருக்கு அடியில படுத்துக் கெடக்காகளே, வீட்டுல எதுவும் பிரச்சினையா?" என்று ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார். "அவளுக்கு அங்கன படுத்தாத்தான் தூக்கம் வரும்" என்றேன். பந்தியே சிரித்தது. நீயும் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பழைய கார் சேகரிப்பவர்களுக்காகக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் புத்தகம் போடுகிறார். அச்சு நம் ஊரில்தான். கூரையில்லாத இரண்டு பேர் வண்டிகளில் எம்.ஜி.ஏ.வையும் டிரையம்ஃப் டி.ஆர். மூன்றையும் ஒருசேர வைத்திருக்கிறவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்று, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார். எனக்கு ஓட்டத் தெரியும். பிரித்துக் கோத்தவள் நீ. எது நல்ல வண்டி, எதில் என்ன குறை, வாங்குகிறவன் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடு. என் பெயரில் வரட்டும், அதுதான் முறை. வண்டிகள் என் பெயரில்தானே இருக்கின்றன.

கோபத்தை வண்டி மேல் காட்ட மாட்டாய் என்று தெரியும்.

அன்புடன்,
கனகசபாபதி


விருதுநகர்
19.02.2024

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கல்யாண வீட்டுக் கதைக்கு நான் சிரிக்கவில்லை. கீர்த்திகா என்னிடம் பேசுவதில்லை. உங்களுக்கு அது தெரியும், தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

கட்டுரையில் என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. கேட்டால் சரி என்பீர்கள், அச்சில் இருக்காது. வண்டிகளைப் பற்றிக் கேட்டதால் மட்டும் எழுதுகிறேன். வேறு எதைக் கேட்டிருந்தாலும் கடிதத்தைக் கிழித்திருப்பேன்.

இரண்டுமே இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. நம்முடைய எம்.ஜி. ஐம்பத்தேழாம் வருடத்தது. போடி ஏலக்காய் எஸ்டேட் ஒன்றில் கோழிகள் அடைந்து கிடந்த கொட்டகையிலிருந்து லாரியில் ஏற்றிவந்தோம். டிரையம்ஃப் ஐம்பத்தொன்பது. தூத்துக்குடியில் உப்புக்காற்றில் தரைத்தகடு முழுக்க அரித்துப்போய் வந்தது.

எம்.ஜி.யின் எஞ்சின் சின்னது, ஆயிரத்து ஐந்நூறு சி.சி. கூட வராது. நாலு பக்கமும் பழைய டிரம் பிரேக். ஆனால் அதன் ஸ்டீயரிங் பல்சட்டத்தில் நேராக இணைந்தது. விரலால் ஒரு நூல் திருப்பினால் சக்கரமும் ஒரு நூல்தான் திரும்பும். சாலையில் கிடக்கிற மணல் கைக்குத் தெரியும். கதவுக்கு வெளியே கைப்பிடியே கிடையாது, உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். கதவும் எஞ்சின் மூடியும் அலுமினியம், துரு அண்டாது. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே ஓடும் அடிப்பட்டை. வெளியே பளபளவென்று இருக்கும், ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். வெயில் காலத்தில் எஞ்சின் சூடு முழுக்கக் காலடிக்கு வரும். சித்திரையில் செருப்பில்லாமல் ஓட்ட முடியாது.

டிரையம்ஃப் முரடு. இரண்டாயிரம் சி.சி. இதே குடும்பத்து எஞ்சினை டிராக்டருக்கும் போட்டிருக்கிறார்கள். சிலிண்டர் தேய்ந்தால் அதன் உள்ளுறையை மட்டும் உருவிவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம், விருதுநகர் டிராக்டர் மெக்கானிக் எவனும் செய்வான். முன்பக்கம் டிஸ்க் பிரேக், நன்றாகப் பிடிக்கும். கதவைத் தாழ்வாக வெட்டியிருப்பதால் உட்கார்ந்தபடியே தரையைத் தொடலாம். ஆனால் பின் அச்சு வண்டியின் அடிச்சட்டத்துக்கு மேலே ஓடுகிறது. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க இடம் போதாமல் பின்புறம் துள்ளும். ஸ்டீயரிங் கனம், துல்லியமும் குறைவு.

நேர்ச்சாலையில் நாலு பேர் பார்க்கப் போக நினைக்கிறவர் டிரையம்ஃபை வாங்கட்டும். ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறவருக்கு எம்.ஜி. பத்து வருடம் இரண்டிலும் கைவைத்தவள் சொல்கிறேன், நல்ல வண்டி எம்.ஜி.தான்.

நம் டிரைவர் ஜெயபாண்டி எப்படி இருக்கிறான்? அவனுடைய கேஸ் எந்த மட்டில் இருக்கிறது? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஞானசுந்தரி


சிவகாசி
02.03.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

உன் எழுத்தைப் படித்துக் கோயம்புத்தூர்க்காரர் சொக்கிப்போய்விட்டார். "உங்களுக்குள்ள இப்படி ஒரு எழுத்தாளர் இருக்காருன்னு தெரியாம போச்சே" என்றார். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

எம்.ஜி.தான் நல்லது என்று நீ எழுதியது எனக்கு ஆச்சரியமில்லை. உனக்கு எப்போதும் அடங்கின வண்டிதான் பிடிக்கும். டிரையம்ஃபில் ஏறி மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டும், அதுதான் வண்டி. மற்றதெல்லாம் பெண்பிள்ளைகள் காற்று வாங்கப் போவதற்கு. இதைக் கட்டுரையில் சேர்க்க மாட்டேன், பயப்படாதே.

ஒன்று மட்டும் குறைகிறது என்கிறார். டிரையம்ஃபின் ஸ்டீயரிங்கைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாயாம். சேகரிப்பவர்களுக்கு அதுதான் முக்கியமாம். நம் வண்டியில் என்ன குறை இருந்தது, நீ என்ன செய்தாய், எது கிடைக்காமல் விட்டாய் என்று விரிவாக எழுது. மறைக்க வேண்டாம். குறையைச் சொல்லுகிறவனைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள்.

ஜெயபாண்டிக்கு என்ன கேடு? மகராசனாக இருக்கிறான். அவன் மகள் நாகஜோதி மதுரையில் நர்ஸ் படிப்பு இரண்டாம் வருடம், பீஸ் நான்தான் கட்டுகிறேன். கம்பெனி வீட்டில்தான் குடியிருக்கிறான். கேஸ் கோடைக்குப் பிறகு வரும். வக்கீல் பார்த்துக்கொள்கிறார். நீ அதையெல்லாம் நினைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளாதே.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

அன்புடன்,
கனகசபாபதி


விருதுநகர்
12.03.2024

(தாள் 1)

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

மாத்திரை போடுகிறேன். ஜெயபாண்டி மகராசனாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாசிப் பொங்கலுக்கு முன்னால் அவன் இங்கே வந்திருந்தான். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். முடி முழுக்க நரைத்துவிட்டது. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வாசலில் நிற்கும்போது செத்துப்போன ராக்காயியின் சொந்தக்காரர்கள் காறித் துப்புகிறார்களாம். விஸ்வநத்தம் பக்கம் தலைகாட்ட முடியவில்லையாம். "நான் ஓட்டலைம்மா, எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஆனா துப்புறது என் மூஞ்சியில" என்றான். நான் காபி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க முடியும்?

(தாள் 2)

ஸ்டீயரிங்கைப் பற்றிக் கேட்டீர்கள். டிரையம்ஃபில் ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் திருகுமரை வெட்டிய உருளை ஒன்று, அதன் பள்ளத்தில் ஓடும் கூம்பு முளை ஒன்று. நம் வண்டியில் அந்த முளை ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. அதனால் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையாது. பெட்டியின் மேல்மூடியில் ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் ஆட்டம் குறையும். ஆனால் நேராகப் போகும்போது சரியாக இருப்பது வளைவில் இறுகிப் பிடிக்கும். எனவே பாதிதான் இறுக்கினேன். புதிய முளைக்கு இங்கிலாந்துக்கு எழுதினேன், வரவில்லை. இதே ஊரில் கடைந்து போட்டுப் பார்த்தேன், இரும்பு மிருதுவாக இருந்தது, மூன்று மாதத்தில் அதுவும் தேய்ந்தது. வண்டியை அந்த நிலையில்தான் வெளியே விட்டேன். ஸ்டீயரிங் என் மனதுக்குத் திருப்தியாக ஒருநாளும் இருந்ததில்லை. இந்த வண்டியை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

(தாள் 3)

இது கட்டுரைக்கு இல்லை, உங்களுக்கு.

அந்த ஆட்டம் நாற்பது மைல் வேகம்வரை யாரையும் கொல்லாது. நாற்பதைத் தாண்டக் கூடாது என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இருபத்திரண்டாம் வருடம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சாயங்காலம், கீர்த்திகாவின் கல்யாணப் பத்திரிகையை விஸ்வநத்தத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதும் சொன்னேன். "எம்.ஜி.க்காரிக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டு மிதித்தீர்கள். முள் எழுபதைத் தாண்டியதை நான் பார்த்தேன். கம்பெனி வேனைத் தவறவிட்டு ராக்காயி ஓரமாகத்தான் நடந்து போனாள்.

அவள் உடனே சாகவில்லை. கண் திறந்திருந்தது. தண்ணீர் கேட்டாள். நீங்கள் போனை எடுத்தபோது ஆம்புலன்சைக் கூப்பிடுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். ஜெயபாண்டியைக் கூப்பிட்டீர்கள். அவன் பைக்கில் வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். என் காலடியில் பாட்டில் இருந்தது. "எறங்காதே, எவனாச்சும் பார்த்துத் தொலைப்பான்" என்றீர்கள். நான் இறங்கவில்லை.

பிறகு ஜெயபாண்டியை வண்டியருகில் நிறுத்திவிட்டு அவன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். மறுநாள், நான் வீட்டில் இருந்தேன், டிரைவர் தனியாக வண்டியைச் சோதிக்க எடுத்துப் போனான் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது. மகள் கழுத்தில் தாலி ஏறியதும் சொல்லிவிடலாம் என்றீர்கள். ஏறியதும், இனி சம்பந்தி வீட்டு மானம் என்றீர்கள்.

அதனால்தான் போனேன். நீங்கள் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

ஞானசுந்தரி


சிவகாசி
17.06.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சீசன் தொடங்கிவிட்டது, தலைக்கு மேல் வேலை. முதலில் நல்ல செய்தி. கீர்த்திகாவுக்கு ஐந்தாம் மாதம். நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது, என்ன செய்ய. வளைகாப்பு ஆகஸ்டில் வைப்பதாகச் சம்பந்தி சொல்கிறார்.

அடுத்து, உன் கடிதம். மிகவும் உபயோகமாக இருந்தது. கட்டுரையைச் சொல்லவில்லை, அதற்கு நீ முதலில் எழுதியதே போதும்.

விபத்து நடந்த பிறகு வண்டியைப் பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளர், ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தார். அது முன்பே இருந்ததா, மோதியதில் வந்ததா என்று அதில் இல்லை. முன்பே இருந்தது என்று காட்டிவிட்டால் ஓட்டியவன் மேல் தப்பில்லை, ஜெயபாண்டி கேஸிலிருந்து வெளியே வந்துவிடுவான் என்று வக்கீல் சொன்னார். யார் காட்டுவது? வண்டியைக் கோத்தவள்தான் காட்ட வேண்டும். நேரில் கேட்டால் நீ தரமாட்டாய். வண்டியைப் பற்றிக் கேட்டால் தருவாய். முப்பது வருடம் உன்னோடு குடித்தனம் பண்ணியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

உன் இரண்டாம் தாளை வக்கீலிடம் கொடுத்தேன். "வண்டியை அந்த நிலையில்தான் வெளியே விட்டேன்" என்ற வரியை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இதைவிடத் தெளிவா எந்த மெக்கானிக்கும் எழுதித் தரமாட்டான், அண்ணாச்சி" என்றார். முதல் தாளும் மூன்றாம் தாளும் தேவைப்படவில்லை. சமையலறை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உனக்குச் சம்மன் வரும். பயப்பட ஒன்றுமில்லை. இது என் கையெழுத்து என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடு. ஊரில் நாலு நாள் பேசுவார்கள், பெண்பிள்ளை கோத்த வண்டி ஒரு உயிரை வாங்கிவிட்டது என்று. பேசிவிட்டுப் போகட்டும். உனக்கு எதிராகக் கேஸ் எதுவும் வராதபடி நான் பார்த்துக்கொள்கிறேன். ஜெயபாண்டிக்காக நீ உருகுகிறாய் அல்லவா? இப்போது அவனைக் காப்பாற்றுகிறவள் நீதான்.

வேறு ஏதாவது பேசலாமென்று நினைத்தால், மகளை நினைத்துக்கொள். வாயும் வயிறுமாக இருக்கிறாள். அவள் அப்பாவைப் போலீஸ் தேடுகிறது என்று கேள்விப்பட்டால் அவளுக்கும் பிள்ளைக்கும் என்ன ஆகும் என்பது உன் பொறுப்பு. நீ நல்லபடியாக நடந்துகொண்டால் வளைகாப்புக்கு வந்து மகள் கையில் ஒரு ஜோடி வளையல் போட்டுவிட்டுப் போகலாம். நானே சொல்லிவைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
கனகசபாபதி


விருதுநகர்
30.08.2024

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

வளைகாப்பும் சம்மன் தேதியும் ஒரே வெள்ளிக்கிழமை வந்தன. நீங்கள் பெங்களூர் போனீர்கள், நான் கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல் உங்களிடம் சொல்லியிருப்பார். ஆனால் அவர் கோர்ட் கலைந்ததும் காரில் ஏறிப் போய்விட்டார். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

தாளைக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீங்கள் சொன்னபடி இறங்கியிருக்கலாம். இதற்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு தாள் உண்டு என்று நீதிபதியிடம் சொன்னேன். மூன்றாம் தாளில் எழுதியிருந்த எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை ஓட்டியது என் கணவர், பக்கத்தில் இருந்தது நான், போலீசுக்கு எழுதிக் கொடுத்தது பொய் என்றேன். பன்னிரண்டு நிமிடத்தையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

உங்கள் வக்கீல் கோபப்படவில்லை. எத்தனை மாதமாகக் கணவரைப் பிரிந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன். பொய் என்று இன்று சொல்வதை அன்று ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். மகள் கல்யாணம் என்றேன். அன்று மகளுக்காகப் பொய் சொன்னவர் இன்று கோபத்துக்காகச் சொல்லமாட்டாரா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு ஜெயபாண்டியைக் கேட்டார்கள். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா அன்னைக்கு வண்டியிலயே இல்லைங்கய்யா. மொதலாளியும் இல்லை. நான் மட்டுந்தேன் இருந்தேன். ஸ்டீயரிங் நான் திருப்புனதுக்குத் திரும்பலை."

இதையே மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் ஒரு எழுத்து மாறாமல் சொன்னான். நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். நாகஜோதிக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது அல்லவா?

வெளியே வந்தேன். உள்ளே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்கு முன்னால் வந்து, வேப்பமரத்தடியில் ராக்காயியின் அம்மா குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள். எம். புதுப்பட்டியிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வருகிறாளாம். அவளிடம் போக எனக்குத் தைரியம் இல்லை. அவள்தான் எழுந்து வந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்பமே உசுரு போயிருச்சுன்னுதானே தாயி எல்லாரும் சொன்னாக?"

அவள் இன்னும் ஒரு அடி நெருங்கி வந்தாள்.

"தண்ணி கேட்டாளா?"

"கேட்டாங்க."

"எத்தனை வாட்டி?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியும். இரண்டு வருடம் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் அது புண்ணியமாகப் போயிருக்கும். ஆனால் உள்ளே உண்மையைச் சொல்லிவிட்டு வந்த தெம்பு எனக்கு அப்போதும் இறங்கவில்லை. நாலு முறை என்று சொல்லிவிட்டேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "வலி தெரியாமப் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டுத்தான் ரெண்டு வருசமா ஒரு வாய் தின்னேன். இதச் சொல்லாமலே இருந்துருக்கலாம்ல தாயி" என்றாள். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

உங்களை மாட்டிவிட முடியவில்லை. ஜெயபாண்டியின் மேல் விழுந்த பழியைத் துடைக்க முடியவில்லை. நான் சொன்ன உண்மையை மொத்தக் கோர்ட்டிலும் நம்பியவள் குருவம்மாள் ஒருத்திதான். அது அவளுக்குத்தான் விஷமாயிற்று.

ஞானசுந்தரி


சிவகாசி
22.10.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. கடைசி லோடும் ஏறிவிட்டது. நீ கோர்ட்டில் போட்ட நாடகத்துக்கு நான் உன்மேல் கோபப்படவில்லை. உன் இடத்தில் யாராக இருந்தாலும் புத்தி கொஞ்சம் பிசகத்தான் செய்யும். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. ஜெயபாண்டி விடுதலை. உன் சாட்சியம் நம்பும்படி இல்லை என்று ஒரே வரிதான். உன் இரண்டாம் தாளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

புத்தகமும் வந்துவிட்டது. வழவழப்பான தாள், நாலு வண்ணம், பன்னிரண்டு பக்கம் நம் கட்டுரைதான். பலரும் போன் செய்கிறார்கள். உனக்கு ஒரு பிரதி இத்துடன் வருகிறது. முதல் பக்கத்தில் என் படம் நன்றாக விழுந்திருக்கிறது.

அதைப் படித்துவிட்டு எம்.ஜி.தான் வேண்டும் என்று திருச்சூரிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். "இத்தனை ஆசையா எழுதியிருக்கீங்களே, இதைக் கொடுக்க மனசு வருமா?" என்று கேட்டார். வந்தது. போன புதன்கிழமை லாரியில் ஏற்றிவிட்டோம். கதவைத் திறக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார், நான்தான் உள்ளே கைவிட்டுக் கயிற்றை இழுத்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் அந்த வண்டியின் கதவை நான் திறந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். டிரையம்ஃபை வைத்துக்கொண்டேன்.

கீர்த்திகாவுக்குப் பெண் குழந்தை. அக்டோபர் ஆறு, காலை. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தை உன் நிறம். பேர் வைத்தாயிற்று. கோர்ட் பேச்சு சம்பந்தி வீடுவரை போய்விட்டதால் நீ கொஞ்ச காலம் அந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது என்று அவர்கள் நினைக்கிறார்கள். கீர்த்திகாவிடம் கேட்டேன். "அப்பா எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்றாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

இருக்கன்குடி கோயிலில் உன் பெயருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணினேன்.

அன்புடன்,
கனகசபாபதி


விருதுநகர்
04.11.2024

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

புத்தகம் வந்தது. பட்டறைக்கு வந்த ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். எம்.ஜி. போனதைப் பற்றி எழுத என்னிடம் எதுவுமில்லை. திருச்சூர்க்காரரிடம் சித்திரையில் செருப்புப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு மறுநாள் ஜெயபாண்டி வந்தான். கையில் இனிப்பு டப்பா. பட்டறை வாசலில் வெயிலில் நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. "மக படிப்புக்காகத்தேன் அப்படிச் சொன்னேம்மா, மன்னிச்சிருங்க" என்று அழுதான்.

"நான் அன்னைக்கு வண்டியிலயே இல்லைன்னு நீதானே சொன்னே. இல்லாதவகிட்ட எதுக்கு மன்னிப்புக் கேக்குறே?" என்றேன்.

அதற்குப் பிறகும் வெகுநேரம் நின்றான். நா வறண்டு எச்சில் விழுங்கினான். பானை என் பக்கத்தில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை, ஒரு பம்ப்செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றி முடித்து நிமிர்ந்தபோது அவன் போயிருந்தான். உங்களோடு முப்பது வருடம் இருந்ததில் எனக்கும் கொஞ்சம் கைவந்திருக்கிறது.

குருவம்மாள் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். கதவு திறக்கவில்லை. இனிப் போகமாட்டேன். அவளுக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

இனி எனக்கு எழுத வேண்டாம். உங்கள் கம்பெனி உறை வந்தால் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

குழந்தைக்குப் பேர் வைத்தாயிற்று என்று எழுதியிருந்தீர்கள். என்ன பேர் என்று எழுதவில்லை. மறந்துபோய் விட்டதல்ல என்று எனக்குத் தெரியும். ஒரு வெறும் தபால் கார்டில் அந்தப் பேரை மட்டும் எழுதி அனுப்புங்கள். கையெழுத்துக்கூட வேண்டாம். கார்டு என்றால் வாங்கிக்கொள்கிறேன்.

ஞானசுந்தரி